புளியமரத்தைத் தேடிப் புதுச்சேரிக்கு

மதுவிலக்கு அமலில் இருந்த சென்னை ராஜ்யத்தில் ஓர் ஆண்பிள்ளை புதுச்சேரிக்குப் போகிறேன் என்று சொன்னால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. கேட்காமலே சிரிப்பார்கள். நான் வேலூரில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் டிராயிங் மாஸ்டர். தலைமையாசிரியரிடம் லீவு கேட்கப் போய், "பழைய மேப் ஒன்றைப் பார்க்கப் புதுச்சேரிக்குப் போகிறேன்" என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, "தாராளமாகப் பாருங்கள். அளவோடு பாருங்கள்" என்றார். சாயங்காலத்துக்குள் விஷயம் ஆசிரியர் அறை முழுக்கப் பரவிவிட்டது. சரித்திர ஆசிரியர் என்னைத் தனியே கூப்பிட்டு, தனக்கும் சின்னதாக ஒரு மேப் வாங்கி வர முடியுமா என்று விசாரித்தார்.

சத்தியமாக நான் மேப் பார்க்கத்தான் போனேன். போக வைத்தவன் என் மைத்துனன் தணிகாசலம்.

என் மனைவி சரோஜாவின் ஊர் எல்லையில் இருக்கிறது. பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் இரண்டு பக்கத்துப் போலீசுக்கும் கோபம் வரும். ஊருக்குக் கிழக்கே ஓர் ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் புதுச்சேரி மண், இந்தப் பக்கம் நம் மண். பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிக்கொண்டு போய்ச் சில வருஷங்கள் ஆகியும் சாராய விஷயத்தில் மட்டும் இரண்டும் இரண்டு தேசங்களாகவே இருந்தன. ஓடையைத் தாண்டினால் லைசென்சு வாங்கிய சாராயக் கடை. இந்தப் பக்கம் பாட்டிலோடு நின்றால் ஜெயில்.

தணிகாசலம் அந்த ஊர் ஆரம்பப் பள்ளியில் வாத்தியார். கடையில் உட்கார்ந்து குடித்திருந்தால் ஒரு வம்பும் வந்திருக்காது. ஆனால் அங்கே பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாம் அவனிடம் படிக்கிற பிள்ளைகளின் அப்பாக்கள். வாத்தியார் கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே. அதற்காகப் பாட்டிலை வேட்டியில் மறைத்துக்கொண்டு ஓடையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து, ஒரு பெரிய புளியமரத்தடியில் கௌரவமாக உட்கார்ந்திருக்கிறான். மரத்துக்குப் பின்னாலிருந்து சென்னை ராஜ்யப் போலீஸ்காரர் இருவர் வந்து கௌரவமாகப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

தண்டனை ஆனால் வேலை போய்விடும். தை மாதத்துக்கு நிச்சயமாகியிருந்த கல்யாணமும் அதோடு போய்விடும். வக்கீல் ஒரே ஒரு வழி சொன்னார். அந்த ஓடை முன்காலத்தில் புளியமரத்துக்கு மேற்கே ஓடியதாகவும், ஒரு பெருவெள்ளத்தில்தான் இடம் மாறியதாகவும் ஊரில் ஒரு பேச்சு இருந்தது. எல்லை என்பது பழைய ஓடைதான் என்று காட்டிவிட்டால் மரம் புதுச்சேரியைச் சேர்ந்ததாகிவிடும். அங்கே இவனைப் பிடிக்க நம் போலீசுக்கு அதிகாரம் கிடையாது. அதைக் காட்ட பிரெஞ்சுக்காரர்கள் அளந்து போட்ட பழைய வரைபடம் வேண்டும். "மாப்பிள்ளை படம் போடறவர்தானே, அவரு போயி எழுதிக்கிட்டு வரட்டும்" என்று மாமனார் தீர்ப்புச் சொன்னார். பிறகு என்னை மாட்டுக் கொட்டகைப் பக்கம் அழைத்துப் போய், "புளியமரத்த மட்டும் போட்டுக்கிட்டு வாங்க மாப்ள. மத்ததெல்லாம் எதுக்கு" என்றார். ஏன் அப்படிச் சொன்னார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. தம்பி கேஸ் முடிகிற வரைக்கும் வீட்டில் காப்பி கிடையாது, கேழ்வரகுக் கஞ்சிதான் என்று சரோஜா தெரிவித்தாள்.

டிரேசிங் பேப்பரைச் சுருட்டி வைக்க ஒரு நீளமான தகரக் குழாய் செய்துகொண்டு பஸ் ஏறினேன். பஸ்ஸில் அந்தக் குழாய்க்குக் கிடைத்த மரியாதை எனக்குக் கிடைக்கவில்லை. பக்கத்தில் இருந்த பெரியவர் அதைத் தட்டிப் பார்த்து, நல்ல யோசனை, ஆனால் மூடி இன்னும் இறுக்கமாக இருந்தால் ஒழுகாது என்றார். மேப்புக்காக என்றேன். அவர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். எல்லைச் சாவடி இருக்கிற கோரிமேடு நெருங்க நெருங்க, அதுவரை தூங்கி வழிந்த பஸ் கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. போகும்போது அங்கே யாரும் ஒன்றும் கேட்பதில்லை. சோதனை எல்லாம் திரும்பி வரும்போதுதான்.

புதுச்சேரியைப் பார்த்ததும் என் டிராயிங் மாஸ்டர் மனம் குளிர்ந்துவிட்டது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல் தெருக்கள். எங்கள் வேலூரில் தெருவைப் போட்டது மாடுகள்; மாடு திரும்பிய இடத்தில் தெருவும் திரும்பும். இங்கே எந்த மூலையில் நின்று பார்த்தாலும் தெருக்கோடியில் வானம் தெரிகிறது. சிவப்புத் தொப்பி போட்ட போலீஸ்காரர் ஒருவர் வழி சொன்னார். பழைய வரைபடங்கள் இருக்கிற ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தேன். என் மூக்குக்கு நேரே கதவைச் சாத்தினார்கள்.

நடுப்பகலானால் அந்த ஊர் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறது. ஆபீஸ் தூங்குகிறது, கடை தூங்குகிறது, கடை வாசலில் நாய் தூங்குகிறது. எங்கள் ஊர் ஆபீசிலும் தூங்குகிறார்கள்தான், ஆனால் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்குவார்கள். இங்கே அதை முறைப்படி செய்கிறார்கள். திறந்திருந்த ஒரே காப்பி கிளப்பில் மசால் வடையும் சட்னியும் வாங்கித் தின்றுவிட்டு, மரத்தடியில் நானும் கொஞ்சம் அந்த ஊர் முறைப்படி நடந்துகொண்டேன்.

கதவு மறுபடி திறந்தபோது உள்ளே போனேன். வரைபடங்களுக்குப் பொறுப்பாளர் முசே அருளப்பன். 'முசே' என்றால் அங்கே ஐயா என்று அர்த்தம். வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைக் கோட்டு, கழுத்தில் சின்னச் சிலுவை. எழுந்து நின்று கை கொடுத்தார். ஓர் ஆபீசில் எழுந்து நின்று எனக்குக் கை கொடுத்த முதல் மனிதர் அவர்தான். நான் உருகிப்போனேன். அவர் என் கையை விடவில்லை. மெல்லத் திருப்பி, தன் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

"மசால் வட" என்றார் வருத்தத்தோடு. "நாளைக்கி வாங்க முசே."

கை கழுவிவிட்டு வருகிறேன் என்றேன். எண்ணெய் ஒரு கழுவில் போகாது என்றார். பிறகு காரணமும் சொன்னார். முன்னொரு காலத்தில் யாரோ ஓர் அதிகாரி, நெய்ச் சோறு சாப்பிட்ட கையோடு ஒரு படத்தைத் தொட்டாராம். அன்றைக்கு ராத்திரி எலி வந்து சரியாக அவர் விரல் பட்ட இடத்தை மட்டும் தின்றுவிட்டது. ஒரு பாக்குத் தோப்பும் பாதிக் குளமும் போயின. அந்தக் குளத்துக்காக இரண்டு ஊர்கள் இன்னும் கோர்ட்டில் நிற்கின்றன. அன்றிலிருந்து கை முகராமல் அவர் யாருக்கும் படத்தைக் காட்டுவதில்லை.

பெரிய மார்க்கெட் பக்கத்தில் ஒரு லாட்ஜில் தங்கினேன். மானேஜர் என் தகரக் குழாயைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். சாயங்காலம் நான் கேட்காமலே ஒரு கண்ணாடித் தம்ளர், ஒரு சோடா, பாதி எலுமிச்சம்பழம் மூன்றும் அறைக்கு வந்தன. நான் குடிப்பதில்லை என்றேன். "முத நாளு எல்லாரும் அப்டித்தான் சொல்லுவாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் வெறும் இட்லி. சட்னி இல்லை, மிளகாய்ப்பொடி இல்லை, எண்ணெய் இல்லவே இல்லை. ஆஸ்பத்திரி நோயாளி மாதிரி தின்றுவிட்டு, எதையும் தொடாமல் ஆபீஸ் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று புஷ்-புஷ் வண்டி ஒன்றைப் பிடித்தேன். அது அந்த ஊர் விசேஷம். ஆள் பின்னாலிருந்து தள்ளுவார். முன்னால் உட்கார்ந்திருப்பவர் ஒரு கம்பியைப் பிடித்துத் திருப்ப வேண்டும். அதாவது காசும் கொடுத்து வண்டியும் ஓட்ட வேண்டும். எனக்கு அதை யாரும் சொல்லவில்லை. நான் கைகளை மடியில் வைத்துக்கொண்டு ஜமீன்தார் மாதிரி உட்கார்ந்திருந்தேன். பின்னால் தள்ளியவர் நான் திருப்புவேன் என்று நம்பினார். நான் அவர் திருப்புவார் என்று நம்பினேன். வண்டி யாரையும் நம்பாமல் நேரே மார்க்கெட் வாசலில் இருந்த ஒரு மீன் கூடையின் மேல் ஏறி நின்றது.

மடியெல்லாம் நெத்திலி. கூடைக்காரம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஓட்டத் தெரியாதவன் இன்னாத்துக்குய்யா முன்னாடி குந்துன?" என்றாள். அவள் பார்வைக்குப் பயந்து, சிதறிய மீனை எல்லாம் நானே பொறுக்கிக் கூடையில் போட்டேன். முடித்து நிமிர்ந்த பிறகுதான் என் கைகள் ஞாபகம் வந்தன.

முசே அருளப்பனுக்கு இந்த முறை மூக்கருகே கொண்டுபோக வேண்டிய அவசியம்கூட இருக்கவில்லை. நான் வாசற்படியில் கால் வைக்கும்போதே, உட்கார்ந்த இடத்திலிருந்து, "நாளைக்கி" என்றார்.

அன்று சாயங்காலம் அறைக்குச் சோடாவும் எலுமிச்சம்பழமும் வந்தபோது மானேஜரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது. எலுமிச்சம்பழத்தைக் கையில் தேய்தேய் என்று தேய்த்து, சோடாவை ஊற்றிக் கழுவினேன். தம்ளரை மட்டும் தொடவில்லை. காலி பாட்டிலை எடுக்க வந்த மானேஜர் என்னைத் திருப்தியோடு பார்த்தார்.

மூன்றாம் நாள் வெறும் வயிற்றோடு, நடந்தே போனேன். முசே அருளப்பன் கையை வாங்கி முகர்ந்தார். புருவத்தைச் சுருக்கினார். மறுபடி முகர்ந்தார்.

"எலுமிச்சம்பழம், சோடா" என்றார். "நேத்து ராத்திரி போட்டீங்களா?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். "குடிச்சா பரவால்ல முசே. எலி அத மோந்து பாக்காது" என்று சொல்லிவிட்டு அலமாரியைத் திறந்தார்.

மேஜை மேல் அவர் விரித்த அந்தப் படத்தைப் பார்த்ததும் பசி, நெத்திலி, தணிகாசலம் எல்லாம் மறந்துபோயின. நூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு வெள்ளைக்காரர் வெயிலில் நின்று அளந்து, மயிரிழைப் பேனாவால் போட்ட படம். வயல் பச்சை, தண்ணீர் நீலம். மரங்களுக்குச் சின்னதாக நிழல்கூடப் போட்டிருந்தார். நான் இருபது வருஷமாகப் பையன்களுக்கு வாழைப்பழமும் பூந்தொட்டியும் போடச் சொல்லிக்கொடுக்கிறேன். அந்தக் கையின் முன்னால் எனக்குக் கும்பிடத்தான் தோன்றியது.

என் மாமனார் ஊரை ஏரிக்கரையை வைத்துக் கண்டுபிடித்தேன். மாரியம்மன் கோயில் இருந்தது. ஆனால் இன்றைக்குச் சவுக்குத் தோப்பு இருக்கிற இடமெல்லாம் நீலச் சாயம் எடுக்கிற அவுரி வயல். பள்ளிக்கூடம் இருக்கிற இடம் குட்டை. தணிகாசலம் பையன்களுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும் இடத்தில் அந்தக் காலத்தில் எருமை படுத்திருக்கும். மேலத்தெரு, என் மாமனார் தெரு, இருக்கவே இல்லை. ஏழு தலைமுறையாக அதே வீட்டில் இருக்கிறோம் என்று கல்யாணமான நாள் முதல் சரோஜா சொல்லிக்கொண்டிருக்கிறாள். அந்த ஏழு தலைமுறை வீடு இருக்க வேண்டிய இடத்தில் அவுரி ஊறவைக்கிற ஒரு தொட்டிதான் இருந்தது. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். முசே அருளப்பன் எச்சில் தெறிக்கும் என்று எச்சரித்தார்.

புளியமரமும் இருந்தது. அன்றைக்கே பெரிய மரம். நிழலோடு தனியாகப் போட்டிருந்தார். ஓடை அதற்கு மேற்கே வளைந்து ஓடியது. எல்லைக் கோடும் ஓடையோடு வளைந்து மரத்தைப் புதுச்சேரிப் பக்கம் விட்டிருந்தது. ஓடை பிறகு இடம் மாறியதே, எல்லையும் கூடவே மாறியிருக்காதா என்று பயந்துகொண்டே கேட்டேன். "ஓட நடக்கும். எல்ல நடக்காது முசே, கல்லு நட்ட எடத்துலதான் நிக்கும்" என்றார். தணிகாசலம் பிழைத்தான் என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

கும்பிட்ட கையை இறக்குவதற்குள் கண் கொஞ்சம் வடக்கே போனது. அங்கே ஓடை நேர் எதிராக, கிழக்குப் பக்கம் ஒரு வளைவு வளைந்திருந்தது. வெள்ளம் இரண்டு வளைவையும் நேராக்கிவிட்டிருக்கிறது. அந்த இரண்டாவது வளைவுக்குள்தான் இன்றைக்குச் சாராயக் கடை இருக்கிறது. அதாவது மாமனார் ஊர் ஆண்பிள்ளைகள் ஓடையைத் தாண்டிப் போய்ச் சட்டப்படி குடித்த அந்தக் கடை, சென்னை ராஜ்யத்து மண்ணில் இருந்தது. மாமனார் தினமும் சாயங்காலம் காற்று வாங்க எந்தப் பக்கம் போகிறார், மாட்டுக் கொட்டகையில் எதற்காக அப்படிச் சொன்னார் என்பதெல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது.

புளியமரத்துப் பக்கம் மட்டும் டிரேசிங் பேப்பரில் எழுதிக்கொள்கிறேனே என்றேன். முசே அருளப்பன் மறுத்துவிட்டார். எழுதினால் முழுத் தாளையும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் முத்திரை கிடையாது. பாதிப் படம் கொடுத்துப் பாதிச் சண்டை வளர்த்த பாவம் தனக்கு வேண்டாம் என்றார். மசி உதவாது, பென்சில்தான் என்பது அடுத்த விதி. வேறு வழியில்லாமல் அன்றும் மறுநாளும் உட்கார்ந்து, இரண்டு வளைவுகளையும் ஒழுங்காக எழுதினேன். முடித்ததும் அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, "நல்ல கை" என்றார். பல வருஷ உத்தியோகத்தில் யாரும் எனக்குச் சொல்லாத வார்த்தை அது. மூலையில் முத்திரை குத்தி, மூன்று சுழி சுழித்துக் கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் குழாயோடு கடற்கரையில் போய் உட்கார்ந்தேன். சந்தோஷப்படவா துக்கப்படவா என்று தெரியவில்லை. படத்தைக் கொடுத்தால் மைத்துனன் பிழைப்பான், சாராயக் கடையை மூடிவிடுவார்கள், ஊர் என்னை உள்ளே விடாது. கொடுக்காவிட்டால் வேலூரில் ஆயுளுக்கும் கேழ்வரகுக் கஞ்சி. அடுத்த பெஞ்சில் பென்ஷன்காரப் பெரியவர்கள் இரண்டு பேர் பிரெஞ்சில் கடுமையாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். என்ன சண்டை என்று சுண்டல்காரரைக் கேட்டேன். ஒருவர் பிரெஞ்சுப் பிரஜையாகவே இருந்து பாரீசுக்குப் போய்விடப் போகிறாராம். அங்கே கருவாடு கிடைக்குமா என்று மற்றவர் கேட்கிறாராம். தினமும் இதே சண்டைதான், கருவாட்டில் வந்ததும் முடிந்துவிடும் என்றார் சுண்டல்காரர். அதேபோல் முடிந்தது. அவர்களுக்காவது கருவாடு இருந்தது.

திரும்பும்போது கோரிமேட்டில் பஸ்ஸை நிறுத்தினார்கள். நம் பக்கத்துப் போலீஸ்காரர் ஒருவர் கையில் பாதி போண்டாவோடு ஏறினார். பஸ்ஸிலிருந்த எல்லாரும் ஒரே சமயத்தில் என் தகரக் குழாயைப் பார்த்தார்கள். அவரும் பார்த்தார். மீதி போண்டாவை வாயில் போட்டுக்கொண்டு குழாயை வாங்கி, குலுக்கி, முகர்ந்து, மூடியைத் திறந்தார். எனக்குள் முசே அருளப்பன் புகுந்துவிட்டார்.

"கை கழுவிட்டுத் தொடுங்க" என்றேன்.

போலீஸ்காரரிடம் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது. அவர் படத்தை முழுக்கப் பிரித்து என் மடியில் விரித்தார். "இது இன்னா கோடு?" என்றார், எண்ணெய்க் கட்டைவிரலை எல்லைக் கோட்டின் மேல் வைத்து. சென்னை ராஜ்யத்துக்கும் புதுச்சேரிக்கும் எல்லை என்றேன். "இதுவா எல்ல? இதுவா?" என்று கேட்டுக்கொண்டே, ஒவ்வொரு 'இதுவா'வுக்கும் ஒரு தேய்ப்பு தேய்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். படத்துக்குள் பாட்டில் இல்லை என்று உறுதியானதும் இறங்கிப் போய்விட்டார்.

பஸ் நகர்ந்த பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தேன். முத்திரை இருந்தது. புளியமரம் நிழலோடு இருந்தது. அதற்கு மேற்கே ஓடையும் எல்லையும் பளிச்சென்று இருந்தன. கட்டைவிரல் தேய்த்த இடம் வடக்கு வளைவு. அங்கே ஓடையும் இல்லை, எல்லையும் இல்லை, உருளைக்கிழங்கு வாசனையோடு ஒரு சாம்பல் நிற மேகம் மட்டும் இருந்தது. மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். பக்கத்திலிருந்தவர், போனால் போகட்டும், அடுத்த தடவை வேட்டிக்குள் வைத்துப் பாருங்கள் என்று ஆறுதல் சொன்னார்.

கோர்ட்டில் மாஜிஸ்திரேட் படத்தைப் பார்த்துவிட்டு, இந்தக் கறை என்ன என்று கேட்டார். வக்கீல் எழுந்து, அது சர்க்கார் தரப்பின் கைரேகை என்றார். சோதனையில் நடந்ததை நானும் சொன்னேன். புளியமரத்துக்கும் கறைக்கும் சம்பந்தமில்லை என்று மாஜிஸ்திரேட் படத்தை ஏற்றுக்கொண்டார். மரம் புதுச்சேரியில் நிற்கிறது, ஆகையால் தணிகாசலம் போகலாம் என்று தீர்ப்பாயிற்று. அவன் கோர்ட் வாசலில் என் காலில் விழுந்து, "இனிமே அந்தப் பக்கமே தல வச்சிப் படுக்க மாட்டேன் மாமா" என்றான். எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை. மாமனார் என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நானே வேண்டுமென்று அழித்தேன் என்று அந்த ஊர் இன்றைக்கும் நம்புகிறது. போண்டா என்று சொன்னால் சிரிக்கிறார்கள்.

படம் கோர்ட்டிலிருந்து திரும்பி வேலூருக்கு வந்தது. சரோஜா பார்க்க வேண்டும் என்றாள். கை கழுவச் சொன்னேன், கழுவிவிட்டு வந்தாள். தம்பியைக் காப்பாற்றிய மரத்தை ரொம்ப நேரம் பார்த்தாள், கண் கலங்கினாள். பிறகு, "எங்க வீடு எங்க?" என்றாள். இந்த நாளுக்காகத்தான் நான் காத்திருந்தேன். ஆனால் அவுரித் தொட்டியைக் காட்டியதும் அவள் முகம் போன போக்கைப் பார்த்து, சேர்த்து வைத்திருந்த கிண்டலை எல்லாம் கைவிட்டேன். அவள் உள்ளே போனாள். சமையலறையில் பாத்திரச் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் ஆவி பறக்கும் காப்பி. அத்தனை நாளைக்குப் பிறகு முதல் காப்பி.

"பென்சில்லதான போட்டிருக்கு?" என்றாள். "கேஸும் முடிஞ்சி போச்சி. ஒரே ஒரு ஓட்டு வீடு."

காப்பியைக் குடித்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். ஓட்டு வீடு, முன்னால் ஒரு முருங்கைமரம். மரத்துக்குச் சின்னதாக நிழலும் போட்டேன்.